வாசலுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி: சாக்கடைக்கு யாரைப் பார்ப்பது?

காட்பாடியை ஒட்டி, மாநகராட்சி எல்லை முடிகிற இடத்தில் வீடு வாங்கிய ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் சொத்து வரி கட்டுவது வேலூர் மாநகராட்சிக்கு. எதிர்வரிசை வீடுகள் ஊராட்சிக்குக் கட்டுகின்றன. தெருக்கோடியில் ஒரு கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் இரண்டு வரிசைக்கும் வாசல் வரை வந்துவிடுகிறது. "கவுன்சிலரைப் பாருங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பஞ்சாயத்துத் தலைவரைப் பிடிக்கலாம் என்கிறார் எதிர்வீட்டு அம்மா. என் மகன் டெல்லிக்கே ஆன்லைனில் போட்டுவிடலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?" என்பது அவர் கேள்வி. எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டெல்லிக்கு எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்த மனு சென்னைக்குத்தான் திரும்பி வரும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் எது மத்திய அரசின் வேலை, எது மாநிலத்தின் வேலை என்று பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். உள்ளாட்சி இருப்பது மாநிலப் பட்டியலில், ஐந்தாவது இனமாக. ஒரு தெருவின் சாக்கடையைச் சுத்தம் செய்யச் சொல்லி மத்திய அமைச்சகம் எந்த மாநகராட்சிக்கும் ஆணையிட முடியாது.

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74வது திருத்தம் நகர உள்ளாட்சிகளை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், நிதிப் பங்கைச் சொல்ல மாநில நிதிக் குழு, பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம். தமிழ்நாட்டில் 2016இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். இவை பெரிய மாற்றங்கள்தான். அமெரிக்க அரசியலமைப்பில் நகராட்சி என்ற பேச்சே கிடையாது. நம்முடையதில் குடிநீர், தெருவிளக்கு, சுடுகாடு வரை 18 பணிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணிகளை உள்ளாட்சிக்கு மாநிலச் சட்டமன்றம் "வழங்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், "வழங்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லால்தான் உங்கள் தெருவில் இத்தனை குழப்பம். எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று மாநிலம் முடிவு செய்கிறது. ஐந்தாண்டுத் தேர்தலே கூட நழுவியிருக்கிறது. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டின் நகரங்களில் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து நிர்வாகம் நடந்தது. அந்த ஐந்தாண்டுச் சொச்சத்தில் வார்டு மக்கள் யாரிடம் போய் நின்றிருப்பார்கள் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம்.

வேலூர் 1866லேயே நகராட்சியான ஊர். 2008 ஆகஸ்ட் 1 அன்று மாநகராட்சி ஆனது. 2011 உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற ஊர்கள் சேர்ந்தன. இப்போது 4 மண்டலம், 60 வார்டு. இப்படி விரியும்போது கோடு எங்கேயாவது நின்றாக வேண்டும், அது உங்கள் தெருவில் நின்றிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். அந்தப் பக்கம் ஊரக வளர்ச்சித் துறை. சட்டமும் வேறு: உங்களுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், எதிர்வீட்டுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். ஊராட்சித் தலைவரை எதிர்வீட்டு அம்மா நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். மேயரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு துறைக் கோப்புகளும் மேலே போய்ச் சேருவது தலைமைச் செயலகத்தில்தான். கீழே, உங்கள் தெருவில், அவை சந்திப்பதே இல்லை.

ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன்னால் கால்வாய் யாருடையது என்று தேடுங்கள். நான் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் மனுக்கள் கிடப்பில் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான். "எங்கள் பகுதி சாக்கடை" என்று எழுதியிருப்பார்கள். எந்தப் புல எண், அதாவது நில அளவையில் அந்த இடத்துக்குக் கொடுத்த எண், என்று இருக்காது. அது யார் இடம் என்று தெரியாததால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும்.

புல எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உங்கள் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும், அதில் கால்வாய் பக்கத்து எண் இருக்கலாம். இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு 'அ' பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களின் விவரம் எழுதிய பதிவேட்டில், என்ன வகைப்பாடு என்று பாருங்கள். ஓடை அல்லது வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசின் நீர்வழி. ஏரிக்குப் போகிற வாய்க்காலாக இருந்தால் அந்த ஏரி யாருடையது என்று கேளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி பொதுவாக நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. தெரு அல்லது சாலை என்று இருந்தால் அதன் ஓரத்து வடிகால் அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு. பக்கத்தில் போவது மாநில நெடுஞ்சாலை என்றால் அதன் ஓரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறைக்கு. பெங்களூரு சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் மட்டும் உங்கள் மகன் சொன்ன டெல்லிக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

வேலூர்க்காரர்களுக்கு இதற்குக் கண்ணெதிரே ஒரு உதாரணம் இருக்கிறது. கோட்டையும் அகழியும் ஊரின் நட்ட நடுவில் இருக்கின்றன, ஆனாலும் அவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், அதாவது மத்திய அரசிடம் இருக்கின்றன. அகழிக்குள் கிடக்கிற குப்பைக்கும் வெளியே நடைபாதையில் கிடக்கிற குப்பைக்கும் கேட்க வேண்டிய அலுவலகம் வேறு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புவதால். கன்டோன்மென்ட் என்பது ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும்தான் மிச்சம். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் கன்டோன்மென்ட் போர்டு தமிழ்நாட்டில் பரங்கிமலையிலும் வெலிங்டனிலும்தான் உண்டு, வேலூரில் கிடையாது.

புல எண்ணும் கிடைக்கவில்லை, வகைப்பாடும் தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு 6(3): தகவல் வேறு அலுவலகத்திடம் இருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். குறைதீர்ப்பு மனுவைத் தட்டிக்கழிப்பது போல இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டே கேள்வி போதும். இந்தக் கால்வாயைப் பராமரிக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது? கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது?

இடம் மாநகராட்சியுடையது என்று தெரிந்தால், கவுன்சிலரிடம் போவது சரிதான், ஆனால் அவரிடம் என்ன கேட்க முடியும் என்று தெரிந்து போங்கள். ஆள் அனுப்பி வேலை செய்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், மண்டலக் கூட்டத்தில் பேசலாம். நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர், அவர் மாநில அரசு நியமிப்பவர். தூர்வாருகிற அன்றாட வேலைக்கு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். புதிதாகக் கான்கிரீட் கால்வாய் கட்ட வேண்டும் என்றால்தான் கவுன்சிலரின் தீர்மானம் தேவை. இடம் ஊராட்சியுடையது என்றால் தலைவரிடமும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கிற வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாவுக்கு உங்களுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு: கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம், தீர்மானமாகவே எழுதச் சொல்லலாம். உங்கள் பக்கத்துக்கு 2022இல் தொடங்கிய பகுதி சபை இருக்கிறது. நகரத்தில் பலருக்கு அது இருப்பதே தெரியாது, கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள்.

எம்.எல்.ஏ., எம்.பி. பற்றியும் கேட்டிருந்தீர்கள். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடியும் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நிரந்தரக் கட்டுமானத்துக்கு அவர்கள் பரிந்துரைக்கலாம். தூர்வாருவதற்கு அவர்களிடம் அலைய வேண்டாம். மத்திய அரசின் பணம் நம் ஊருக்கு வருவதே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2016இல் வேலூர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தேர்வானது, நிதிக் குழு மானியமும் மாநிலத்தின் வழியாக உள்ளாட்சிகளுக்கு வருகிறது. ஆனால் பணம் அங்கிருந்து வருவதால் கால்வாய் அவர்களுடையது ஆகிவிடாது.

உங்கள் நிலைமையில் நான் செய்வது இதுதான். கால்வாய் இரண்டு எல்லைக்கும் பொதுவாகப் போகிறது என்றால், மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி மனு எழுத மாட்டேன். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுப்பேன். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். மாநகராட்சி நேரடியாக அவருக்குக் கீழ் இல்லைதான். ஆனால் வருவாய், நீர்வளம், ஒன்றியம், மாநகராட்சி என்று எல்லோரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடக்கூடியவர் மாவட்டத்தில் அவர் ஒருவரே.

மனுவில் புல எண், வகைப்பாடு, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே அடைக்கிறது என்று கையால் போட்ட ஒரு வரைபடம், இரண்டு புகைப்படம், அப்புறம் உங்கள் சொத்து வரி ரசீதின் நகலும் எதிர்வீட்டு வீட்டு வரி ரசீதின் நகலும் அடுத்தடுத்து இருக்கட்டும். கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்: "இரு நிர்வாகங்களும் கூட்டாக நில அளவை செய்து, பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் தெரிவித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும்." கீழே முதல் கையெழுத்து எதிர்வீட்டு அம்மாவுடையதாக இருக்கட்டும், அடுத்தது உங்களுடையது. மனு எண் உள்ள சீட்டை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.