மகளின் படிப்புக் கடன்: தள்ளுபடிக்குக் காத்திருப்பதா, 401கே-யை உடைப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருபது வருஷமாக இருக்கிறோம். என் பெண் 2017-இல் கல்லூரியில் சேர்ந்து, 2023 மே மாதம் பேச்சுப் பயிற்சி சிகிச்சையில் மாஸ்டர்ஸ் முடித்தாள். அந்த ஆகஸ்டிலிருந்து ஒரு அரசுப் பள்ளியில் வேலை, சம்பளம் 66,000 டாலர். அவள் பேரில் ஃபெடரல், அதாவது மத்திய அரசுக் கடன் 68,000 டாலர். பிள்ளை படிப்புக்காகப் பெற்றோர் பேரில் அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடனை என் வீட்டுக்காரர் வாங்கினார், அதில் இன்னும் 22,000 பாக்கி, அதை மாதாமாதம் கட்டி வருகிறோம். பெண் ‘சேவ்’ என்ற அரசின் தவணைத் திட்டத்தில் சேர்ந்து கொஞ்ச மாதம் கட்டினாள், அப்புறம் ஒன்றரை வருஷமாக ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. கேட்டால், “கேஸ் நடக்குதும்மா, கட்ட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அடுத்த பிரசிடென்ட் வந்தா தள்ளுபடி ஆகிடும்” என்கிறாள். வீட்டுக்காரருக்கு 56 வயது, கடன் என்றாலே தூக்கம் போய்விடும். 401கே என்ற ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து எடுத்து மொத்தத்தையும் அடைத்துவிடுவோம் என்கிறார். எங்கள் இருவர் வருமானம் சேர்த்து 1,40,000. பெண்ணுக்கு வரன் வேறு பார்க்கிறோம், கடன் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

பதில்: அம்மா, முதலில் ஐயாவிடம் சொல்லுங்கள், 401கே-யில் கை வைக்க வேண்டாம். 59½ வயதுக்கு முன்னால், வேலையில் இருந்துகொண்டே எடுத்தால் 10% அபராதம். எடுக்கும் பணம் முழுக்க அந்த வருஷ வருமானமாகச் சேரும், உங்கள் வருமானத்துக்கு மேல் வருகிற அந்தப் பணத்துக்கு ஃபெடரல் வரி 22%. அதாவது ஒரு லட்சம் டாலர் எடுத்தால் 10,000 அபராதத்துக்கும் 22,000 வரிக்கும் போய், கையில் நிற்பது 68,000. உங்கள் பெண்ணின் கடன் எவ்வளவோ சரியாக அவ்வளவு! 68,000 கடனை அடைக்க ஒரு லட்சத்தைக் கரைக்கிறீர்கள், நியூ ஜெர்சி மாநில வரி இதில் சேரவே இல்லை. அந்தப் பணம் 401கே-யிலேயே இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தால் வளர்ந்திருக்குமே, அந்த நஷ்டம் வேறு.

பெண் சொல்வதும் சரியில்லை, ஆனால் அவள் மேல் கோபப்பட வேண்டாம். அவள் தலைமுறை மாறி மாறிக் கேட்ட செய்திகள் அப்படி. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் ஃபெடரல் படிப்புக் கடனுக்குத் தவணையும் இல்லை, வட்டியும் இல்லை என்று ஆனது, அது மூன்றரை வருஷம் ஓடியது. 2022 ஆகஸ்டில் பைடன் 10,000 டாலர் வரை, பெல் கிராண்ட் (குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கிப் படித்தவர்களுக்கு 20,000 வரை தள்ளுபடி என்று அறிவித்தார். 2023 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை ரத்து செய்தது. சுமார் 400 பில்லியன் டாலர் செலவாகும் ஒரு முடிவை நாடாளுமன்றம் தெளிவாக அதிகாரம் கொடுக்காமல் கல்வித் துறை எடுக்க முடியாது என்றது தீர்ப்பு. அந்த செப்டம்பரில் வட்டியும் அக்டோபரில் தவணையும் திரும்பி வந்தன. அதற்குள் ‘சேவ்’ என்ற மலிவான தவணைத் திட்டம் வந்து, 2024 ஜூலையில் அதையும் கோர்ட் நிறுத்திவைத்தது. அதில் இருந்தவர்களை எல்லாம் ‘கட்ட வேண்டாம்’ என்ற நிலையில் வைத்தார்கள். உங்கள் பெண் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பொய் சொல்லவில்லை, கட்டாததற்காக அவள் தவணை தவறியவளும் இல்லை. ஆனால் அவள் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தக் கடன்களுக்கு வட்டி மறுபடி ஓடுகிறது. சராசரியாக 5.2% என்று வைத்தால்கூட 68,000-க்கு மாதம் 295 டாலர், இதை எழுதும் 2026 பிப்ரவரிக்குள் சுமார் 2,000 டாலர் சேர்ந்திருக்கும். இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது, அதைச் சொல்ல அவள் வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

அவள் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பிஎஸ்எல்எஃப் என்று சொல்கிற பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி 2007-இல் நாடாளுமன்றம் சட்டமாகவே நிறைவேற்றியது, ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டது. அரசிலோ, அரசுப் பள்ளியிலோ, தகுதியான லாபநோக்கில்லாத நிறுவனத்திலோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, தகுதியான தவணைகள் 120 கட்டினால், மிச்சக் கடன் முழுவதும் ரத்து. அதற்கு ஃபெடரல் வருமான வரியும் கிடையாது. (வருமானத்தை வைத்துத் தவணை போடும் மற்ற வருமானவழித் திட்டங்களில் 20, 25 வருஷம் கழித்து வரும் தள்ளுபடிக்கு 2026 முதல் மறுபடி வரி உண்டு.) ஆரம்ப வருஷங்களில் இதில் விண்ணப்பித்தவர்களில் 99 சதவீதம் பேருக்கு மறுத்தார்கள், அதனால் இது ஏமாற்று என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அப்புறம் விதிகளைச் சரிசெய்து 2024 அக்டோபருக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கிடைத்துவிட்டது.

அவள் காத்திருக்கும் தள்ளுபடி ஒரு அரசியல் வாக்குறுதி. வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் கோர்ட் நிறுத்தலாம். கையிலேயே இருக்கும் தள்ளுபடி சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதற்கு அவள் தகுதியானவள், ஆனால் இந்தக் ‘கட்ட வேண்டாம்’ மாதங்கள் அந்த 120-இல் சேரவே இல்லை. இதுதான் அந்த இரண்டாவது விஷயம். 2023 டிசம்பரிலிருந்து 2024 ஜூலை வரை ஏழெட்டு மாதம் கணக்கில் இருக்கும், அதற்குப் பிறகு பள்ளிக்கு ஒழுங்காகப் போன பத்தொன்பது மாதம் சும்மா போய்விட்டது. கடைசியில் அந்த மாதங்களுக்குரிய தொகையைக் கட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ‘பைபேக்’ என்று ஒரு வழி இருக்கிறது, கிடைத்தால் நல்லது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ‘சேவ்’ திரும்பி வராது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான புதிய சட்டம் அதை ஒழித்துவிட்டது, டிசம்பரில், வழக்குப் போட்ட மிசௌரி மாநிலத்தோடு சேர்ந்து அதைச் சீக்கிரமே முடித்துக்கொள்வதாகக் கல்வித் துறையும் அறிவித்துவிட்டது.

ஆகவே அவள் இந்த வாரமே ஐபிஆர் என்ற வருமானவழித் திட்டத்துக்கு மாற விண்ணப்பிக்கட்டும். 2014 ஜூலைக்குப் பிறகு முதல் கடன் வாங்கியவர் என்பதால் அவளுக்கு 10% கணக்குதான். தனி ஆளுக்கு 2025-இன் வறுமைக்கோடு 15,650 டாலர், அதில் ஒன்றரை மடங்கு 23,475. 66,000-இல் இதைக் கழித்து வரும் 42,525-இல் பத்தில் ஒரு பங்கு, மாதம் 354 டாலர். பத்து வருஷ சாதாரணத் தவணை என்றால் மாதம் சுமார் 728, மொத்தம் 87,000-க்கு மேல். ஐபிஆரில் இன்னும் 112 மாதம் இதே 354 என்றால் 40,000-க்குள். சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும், 50,000-க்கு மேல் போனாலும் மிச்சம் பெரிது. 2035 நடுவில் முடிந்துவிடும். பள்ளியில் 403பி என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் வருஷம் 6,000 போட்டாள் என்றால் வரிக்குரிய வருமானம் குறைந்து தவணையும் மாதம் 50 டாலர் குறையும், அந்தச் சேமிப்பும் அவளுடையதே.

புதிய சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் ஆர்ஏபி என்று இன்னொரு திட்டம் வருகிறது. அவள் சம்பளத்துக்கு 6%, மாதம் 330, அதுவும் 120-இல் சேரும். ஐபிஆரைவிடக் குறைவாகத் தெரியும், ஆனால் வருமானம் 70,000 தாண்டியதும் முழுத் தொகைக்கும் 7% ஆகி 408-க்குப் போய்விடும், ஐபிஆரில் அப்போதும் 388தான். அவசரப்பட்டு மாற வேண்டாம். ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் தன் எண்களைப் போட்டுப் பார்த்து அப்புறம் முடிவு செய்யட்டும்.

வருஷம் ஒருமுறை பள்ளி நிர்வாகத்திடம் பிஎஸ்எல்எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணையின் ரசீதையும் வைத்திருக்க வேண்டும், இதை நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். என் கடனை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது ஏழு மாதத் தவணை கணக்கிலேயே காணவில்லை. வங்கி அறிக்கைகளை வைத்திருந்ததால்தான் நாலு மாதம் அலைந்து மீட்டேன். அப்புறம், பணம் கொடுத்தால் தள்ளுபடி வாங்கித் தருகிறோம் என்று போன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள், இந்த விண்ணப்பம் எதற்கும் ஒரு சென்ட் கட்டணம் கிடையாது. வட்டி குறைகிறதே என்று தனியார் வங்கிக்குக் கடனை மாற்றவும் வேண்டாம், மாற்றிய நிமிஷமே பிஎஸ்எல்எஃப் போய்விடும், திரும்ப வராது.

ஐயாவின் கவலைக்கு வருகிறேன். யாரோ ஒருத்தர் வரிப்பணத்தில் நம் பெண்ணின் கடனை ஏன் அடைக்க வேண்டும், வாங்கியது நாம்தானே என்று அவர் நினைக்கலாம். நேர்மையான கேள்வி. கல்லூரிப் பக்கமே போகாமல் பிளம்பர் வேலை செய்பவர் வரி கட்டுகிறார், கஷ்டப்பட்டுக் கட்டி முடித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வருத்தம் நியாயம். நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் 1.6 டிரில்லியன் டாலர் சுமக்கிறார்கள், கல்லூரிக் கட்டணம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை, அந்தப் பக்கமும் நியாயம். எல்லோருக்கும் ஒரே அடியாகத் தள்ளுபடி என்பதில் எனக்கே இரண்டு மனசு. பிஎஸ்எல்எஃப் அப்படி இல்லை. தனியார் கிளினிக்கில் கூடுதலாகச் சம்பாதிக்கக் கூடிய ஒரு பெண் பத்து வருஷம் அரசுப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து அவர்களைப் பேச வைக்கிறாள், அதற்குப் பதிலாக நாடு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இது. அவள் தன் பங்கைச் செய்கிறாள், அதை வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஐயாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அவருக்குக் கடனை அடைத்தே ஆக வேண்டும் என்றால் அவர் பேரில் இருக்கும் பேரன்ட் பிளஸை அடைக்கட்டும். 2017-க்குப் பிறகு வாங்கியதென்றால் வட்டி 7%-ஐ ஒட்டி இருக்கும், உங்கள் வருமானத்துக்கு வருமானவழித் திட்டம் பயன்படாது, தள்ளுபடியும் வராது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சச் சேமிப்பு எது இருந்தாலும் மாதத் தவணையோடு கூடுதலாக அதில் போடுங்கள். மாதம் 500 கூடுதலாகப் போட்டாலே இரண்டரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். பெண்ணின் கடனில் மட்டும் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டாம். எப்படியும் ரத்தாகப் போகும் தொகையைத்தான் அது குறைக்கும்.

வரன் விஷயம். தயவுசெய்து மறைக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் பையன் சம்பளமும் கணக்கில் வந்து அவள் தவணை இரண்டு மடங்குகூட ஆகலாம். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் அவள் சம்பளம் மட்டும்தான் பார்ப்பார்கள், ஆனால் படிப்புக் கடன் வட்டிக்கான வரிக்கழிவு போய்விடும், வேறு சில சலுகைகளும் போகும். வருஷா வருஷம் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது, அவனுக்குத் தெரியாமல் முடியவே முடியாது. பேச்சு கொஞ்சம் முற்றியதும் பெண்ணே பையனிடம் நேராகச் சொல்லட்டும்: 68,000 கடன் இருக்கிறது, மாதம் 354 கட்டுகிறேன், 2035-இல் முடிகிறது, வேலையை விட்டால் கணக்கு மாறும். அப்படியே அவன் பேரில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கட்டும். இங்கே படித்த பையன் என்றால் அவனுக்கும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.