தந்திக்கு மேலும் கீழும் காந்தம்

லேப் ஸ்டீல் கிதார் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பழைய வாத்தியங்களை வாசித்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியில் ஒரு சின்ன கிதார் இருக்கிறது. கறுப்பு நிறம், கல் மாதிரிக் கனம். தந்திகள் கழுத்திலிருந்து எவ்வளவோ உயரத்தில் நிற்கின்றன, விரலால் அழுத்தவே முடியவில்லை. ஒரு ஓரத்தில் அகலமான இரண்டு உலோகப் பட்டைகள் தந்திகளுக்கு மேலே பாலம் போல வளைந்திருக்கின்றன. தலைப்பகுதியில் ரிக்கன்பேக்கர் பெயர் இருக்கிறது. கழுத்து வளைந்து கெட்டுப்போன கிதாரா இது? பளபளப்பாக்கிச் சரிசெய்யக் கொடுக்கலாமா?

பதில்: கெட்டுப்போகவில்லை. இதுதான் லேப் ஸ்டீல் கிதார். தந்திகள் அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். இதை மடியில் படுக்க வைத்து, இடது கையில் வழவழப்பான எஃகுக் கட்டை ஒன்றைப் பிடித்து, தந்தியை அழுத்தாமல் அதன் மேல் நகர்த்தி வாசிப்பார்கள். அந்தக் கட்டையை ‘பார்’ என்போம். கழுத்தில் தெரியும் ஃப்ரெட் கோடுகள் இடம் காட்டுவதற்கு மட்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1935-இல் அறிமுகப்படுத்திய பேக்கலைட் மாடல். பேக்கலைட் என்பது பழைய காலத்துக் கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக். தந்திகள் உடம்பைத் துளைத்துப் பின்பக்கம் வழியாக ஏறுகின்றனவா, பட்டைகளின் அகலம் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. போருக்குப் பிறகு வந்தவற்றில் பட்டை ஒன்றேகால் அங்குலமாகக் குறுகிவிட்டது.

அந்தப் பட்டைகள் அலங்காரம் அல்ல, காந்தங்கள். குதிரை லாடம் போன்ற இரண்டு காந்தங்கள் எதிரெதிராக நின்று ஆறு தந்திகளையும் மேலும் கீழுமாகச் சூழ்ந்திருக்கின்றன. தந்திகளுக்கு அடியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். இதை வடிவமைத்த ஜார்ஜ் போஷாம் மேடைகளில் ஹவாயியன் கிதார், அதாவது ஹவாய் தீவுகளிலிருந்து வந்த இந்த மடிப் பாணிக் கிதார், வாசித்துக்கொண்டிருந்தவர். கூட்டத்தில் தன் வாத்தியம் காதில் விழவில்லை என்ற குறைதான் அவரை இதில் இறக்கியது. முதல் சுருளைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்துச் சுற்றினார் என்பார்கள். 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் விற்பனைக்கு வந்த அந்தக் கிதார் முழுக்க வார்ப்பு அலுமினியம். வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் ‘வாணலி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1934-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937 ஆகஸ்ட் மாதம்தான் கைக்கு வந்தது. அதற்குள் மற்றவர்களும் மின்சாரக் கிதார் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

பளபளப்பாக்கும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என் பேக்கலைட் கிதாரை ஒருமுறை வேறொருவரிடம் பழுதுக்குக் கொடுத்தேன். அவர் நல்லெண்ணத்தில் இரண்டு காந்தங்களையும் கழற்றி, துரு நீக்கி, மினுமினுக்க வைத்து இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) போட்டு முதல் தந்தியை மீட்டியதும் வயிற்றைப் பிசைந்தது. அடித்தொண்டையிலிருந்து வந்த குரல் மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. இந்தப் பழைய எஃகுக் காந்தங்களை இடத்திலிருந்து எடுத்தால், முனைகளுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு இணைப்பாக இருந்தாக வேண்டும். சும்மா மேசையில் கிடந்தால் வலு இறங்கிவிடும். பிறகு காந்தமேற்றும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் ஏற்றினேன். குரல் திரும்பியது. அந்த இரண்டு வாரத்தில் பட்டைகளில் போன பழைய நிறம் மட்டும் திரும்பவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மல்டிமீட்டரில் சுருளின் மின்தடை காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. எல்லையில்லாமல் போனால் செம்புக் கம்பி எங்கோ அரித்து அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்ற வேண்டும். பேக்கலைட் கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும், மேசை ஓரத்தில் வைக்காதீர்கள். பெட்டியோடு பழைய ஆம்பும் இருந்தால் நேரே மின்சாரத்தில் சொருக வேண்டாம். அதன் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். எர்த் இல்லாத பழைய வயர் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இதன் ஒலி ஏன் யாரோ பாடுவது போல, சில நேரம் அழுவது போலவே இருக்கிறது? சாதாரண எலெக்ட்ரிக் கிதாரில் அது வருவதில்லையே?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. சாதாரண கிதாரில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் படி ஏறுகிறோம். இதில் சரிவில் வழுக்கிப் போகிறோம், போகிற வழி முழுவதும் காதில் விழுகிறது. மனிதத் தொண்டையும் அப்படித்தான் போகிறது.

இன்னொன்று நீடிப்பு. சாதாரண கிதாரில் விரலின் சதை தந்தியின் அதிர்வைக் கொஞ்சம் தின்றுவிடும். இங்கே தந்தி முடிவது கனமான எஃகின் மேல். உடம்பும் திடமான கட்டி, அதிரும் பெட்டி கிடையாது. தந்தியின் சக்தி வீணாக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. மீட்டிவிட்டு வலது கைச் சுண்டு விரலால் வால்யூம் குமிழை மெல்லத் திருப்பினால், தட்டிய சத்தமே இல்லாமல் ஸ்வரம் பூத்து வரும். அழுகை என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் அந்தச் சுண்டு விரல்தான்.

மூன்றாவது, பாரின் நடுக்கம். ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே பாரை நிறுத்தி, இருபக்கமும் ஒரு மயிரிழை அசைக்க வேண்டும். அகலமாக, வேகமாக ஆட்டினால் மலிவாகிவிடும். லேப் ஸ்டீல் கலைஞர் ஜெர்ரி பேர்டின் பழைய ஒலிப்பதிவுகளை இதற்காகவே கேளுங்கள். ஒஹாயோவில் பிறந்தவர், பேக்கலைட் ரிக்கன்பேக்கரைக் கையில் எடுத்தவர். ஸ்வரத்தை முதலில் நேராக நிறுத்திவிட்டு, அது தளரப்போகும் நேரத்தில்தான் அசைப்பார். பின்னாளில் ஹொனலுலுவிலேயே குடியேறி, ஹவாய் இளைஞர்களுக்கே இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார்.

அலுமினிய வாணலியின் ஒலி இன்னும் கூர்மை, கண்ணாடி மாதிரி. ஆனால் மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுதி நழுவும். பேக்கலைட்டைத் தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதே காலத்தில் கிப்சன் நிறுவனம் செய்த இஎச்-150 லேப் ஸ்டீலில் காந்தங்கள் தந்திக்கு அடியில் மறைந்திருக்கும், ஒலி கதகதப்பாக, கொஞ்சம் இருண்டு வரும். மூன்றில் என் மனம் பேக்கலைட்டில்தான் நிற்கிறது. கீழ்த் தந்தி உறுமாது, மேல் தந்தி கீறாது.

கேள்வி: நம் கோட்டு வாத்தியத்திலும் மரக்கட்டையைத் தந்தி மேல் தேய்த்துத்தானே வாசிக்கிறார்கள்? ஹவாய்க்காரர்கள் இங்கிருந்து கற்றார்களா?

பதில்: ஆசையாக இருந்தாலும் அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. இப்படி வாசிப்பதைத் தொடங்கியவர் என்று பரவலாக ஏற்கப்பட்ட பெயர் ஜோசப் கெக்கூக்கு. 1874-இல் ஹவாயின் ஒவாஹு தீவில் உள்ள லாயியே ஊரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ரயில் பாதையில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துத் தந்தியில் தேய்த்தார், பிறகு பள்ளிப் பட்டறையிலேயே எஃகுக் கட்டை செய்துகொண்டார் என்பது வரலாறு. அதற்கு முன்பே, இந்தியாவில் பிறந்து ஹொனலுலு சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் அப்படி வாசித்தார் என்றும் ஒரு பதிவு உண்டு. அவர் இங்கே கோட்டு வாத்தியத்தைக் கேட்டிருந்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. என் எண்ணம் கெக்கூக்கு பக்கம்தான். ஒரு பையன் கைக்குக் கிடைத்த இரும்பைத் தந்தியில் வைத்துப் பார்ப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: பழையதே வாங்க வேண்டுமா?

பதில்: கற்றுக்கொள்வதற்குப் பழையது தேவையில்லை. சாதாரண கிதாரின் நட்டுக்கு (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டைக்கு) மேல் மாட்டும் உயர்த்தி ஒன்று கிடைக்கும், தந்திகள் எழும்பிவிடும். ஆறு மாதம் அதில் வாசித்தும் ஆசை போகவில்லை என்றால் பழையதைத் தேடுங்கள்.

கேள்வி: தொடங்குகிறேன். எந்தச் சுதி, முதலில் எதைப் பழக வேண்டும்?

பதில்: சி6 என்ற சுதி வையுங்கள். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. சாதாரண கிதார்த் தந்திகளை அப்படியே மாட்டாதீர்கள், இந்தச் சுதிக்கென்று தனித் தொகுப்பு விற்கிறார்கள். மெல்லிய இ தந்தி 0.015 அங்குலம் இருந்தால் சரி.

எல்லோரும் பாரை நகர்த்துவதைத்தான் முதலில் பழகுகிறார்கள். நான் அடக்குவதைப் பழகச் சொல்வேன். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திகள் மேல் படுத்துக்கொண்டே கூட வர வேண்டும். இல்லாவிட்டால் பாருக்கு அந்தப் பக்கத்துத் தந்தியும் முனகும். வலது உள்ளங்கையின் ஓரம், அடுத்த ஸ்வரத்துக்கு முன் பழைய தந்தியைத் தொட்டு நிறுத்த வேண்டும். ஆம்பைக் குறைத்து வைத்து, ஐந்தாவது கோட்டில் ஒரு ஸ்வரம், அமைதி, ஏழாவதில் ஒரு ஸ்வரம், அமைதி. ஒரு வாரம் இது மட்டும். பார் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும்படி உட்காருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும், சுதி கால் இழை கூடியே நிற்கும்.