களவு, கொள்ளை, கோட்ஸ்: இந்த ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிடிப்பது?

கிளிநொச்சியில் சாதாரண தரத்துக்குப் படிப்பதாகவும், ஆங்கிலப் பத்திரிகையில் குற்றச் செய்தி வாசித்தால் சொற்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நூறு சொல் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். சொல் வரும், அதோடு ஒட்டி வரவேண்டியது வராது. பிழை விழுவது அங்கேதான்.

முதலில் ஸ்டீல், றொப் இரண்டையும் பிரித்துப் பிடியுங்கள். எங்களுக்கு 'களவெடுத்தான்' என்ற ஒன்றே முக்கால்வாசி இடத்துக்குப் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. ஸ்டீல் என்றால் பின்னால் வருவது களவுபோன பொருள்: சைக்கிள், மாடு, தண்ணீர் மோட்டர். றொப் என்றால் பறிகொடுத்த ஆள் அல்லது இடம்: கடைக்காரர், வங்கி. 'ஹி றொப்ட் மை பைசிக்கிள்' பிழை, 'ஹி ஸ்டோல் மை பைசிக்கிள்' சரி.

சட்டத்திலும் இரண்டும் வேறு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், களவோடு அடி உதையோ, ஆளைத் தடுத்துவைப்பதோ, உடனடிப் பயமுறுத்தலோ சேர்ந்தால்தான் றொபெரி. பட்டியில் நின்ற மாட்டை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனால் தெஃப்ட். மேய்ப்பவருக்குக் கத்தியைக் காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனால் றொபெரி. வீட்டை உடைத்து உள்ளே போய்க் களவெடுப்பது பேர்க்ளரி. ஆனால் எங்கள் சட்டக்கோவையில் அதற்கு ஹவுஸ் பிறேக்கிங் என்றுதான் இருக்கும்.

அடுத்தது வழக்குப் போகிற பாதை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய டிப்பர் பிடிபட்ட செய்தி ஒன்றை எடுங்கள், வன்னியில் அதற்குப் பஞ்சமில்லை. கைது அரெஸ்ட், நீதவான் முன் முற்படுத்துவது ப்ரொடியூஸ். விளக்கமறியல் என்றால் ரிமாண்ட், பிணை என்றால் பெயில். குற்றம் நிரூபணமானால் கன்விக்ட், விடுதலையானால் அக்விட், கடைசியில் தண்டனை சென்டன்ஸ். ரிமாண்ட் தண்டனை அல்ல. அதை 'ஜெயில்ட்' என்று எழுதினால், தீர்ப்பு வராத ஆளுக்கு நீங்களே தீர்ப்பு எழுதியதாகிவிடும். சந்தேகநபரைக் குற்றவாளி என்று எழுதாமலிருக்கத்தான், 'செய்ததாகக் கூறப்படும்' என்று பொருள்படும் 'அலெஜ்ட்' என்ற சொல்.

ஒட்டுச் சொற்களை வினையோடு சேர்த்தே எழுதிப் பழகுங்கள்: அரெஸ்டட் ஃபோர், அக்கியூஸ்ட் ஒஃப் (குற்றஞ்சாட்டப்பட்டார்), சார்ஜ்ட் வித் (முறைப்படி குற்றச்சாட்டுப் பதியப்பட்டது), கன்விக்டட் ஒஃப், சென்டன்ஸ்ட் டு. அதிகம் பிழைப்பது 'அக்கியூஸ்ட் ஃபோர்'. தமிழில் எல்லாவற்றையும் 'குற்றத்துக்காக' என்று நினைப்பதால் ஃபோர் தானாக வந்து விழுகிறது.

பயிற்சி லேசானது. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு நீதிமன்றச் செய்தி, அதே சம்பவத்தின் ஆங்கிலச் செய்தி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு மட்டும் கீழ்க்கோடு போடுங்கள். அடுத்த நாள் ஆங்கிலத்தை மூடிவிட்டு, தமிழைப் பார்த்து நான்கைந்து வரியில் எழுதி ஒப்பிடுங்கள். கிழமைக்கு மூன்று செய்தி தாராளம்.

மரபுத்தொடர்களில் சில கேட்டவுடன் பிடிபடும். கோட் ரெட்-ஹேண்டட் என்றால் கையும் களவுமாகப் பிடிபடுவது, டேலைட் றொபெரி எங்கள் பகற்கொள்ளையேதான். ஏமாற்றுபவைதான் கவனிக்கவேண்டியவை. 'இட்ஸ் எ ஸ்டீல்' என்றால் களவுச் சாமான் அல்ல, அடிமாட்டு விலை. 'திக் ஏஸ் தீவ்ஸ்' என்று சொல்லப்படும் இருவர் கள்ளர் அல்லர், உயிர்ச் சிநேகிதர். 'கெட் அவே வித் மேர்டர்' என்பதில் பெரும்பாலும் கொலையே இருக்காது, என்ன செய்தாலும் கண்டுகொள்ளாமல் விடப்படும் ஆளைப் பற்றியது. 'குக் த புக்ஸ்' சமையல் இல்லை, கள்ளக் கணக்கு.

இவை பேச்சுக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் உரியவை. ஆங்கிலத்தில் முறைப்பாட்டுக் கடிதம் எழுத வந்தால் ஒன்றையும் சேர்க்கவேண்டாம். என்ன பொருள், என்ன நிறம், எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் இடையில் காணாமல் போனது, கடைசியாகக் கண்டவர் யார் என்று ஸ்டோலன் என்ற ஒரு சொல்லோடு எழுதினால் போதும்.