பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டிவி: லேம்பைக் கேளுங்கள் முதலில்

பெங்களூரு அல்சூரில் வீடு காலி செய்பவரிடம் 50 அங்குல டிஎல்பி ரியர் புரொஜெக்‌ஷன் டிவி (உள்ளே இருக்கும் லேம்பின் ஒளியை ஒரு சிப் வழியாகத் திரையின் பின்பக்கத்திலிருந்து படமாக வீசும் பழைய வகை) வருகிறது, அப்பா நாள் முழுக்க சீரியல் பார்க்க வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சார், விலையை விடுங்கள், லேம்ப் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். சில ஆயிரம் மணி நேரம்தான் தாங்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கே 3,650 மணி நேரம். மிட்சுபிஷியும் 2012-இல் இந்த வகையைக் கைவிட்டுவிட்டது, இனி நல்ல லேம்புக்கு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முழுக்க அலைய வேண்டியதுதான்.

அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் அசையாத வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே சிப் போகிறது, லேம்ப் மாற்றியும் தீராது. அப்புறம், தரையில் உட்கார்ந்தும் பாருங்கள். அப்பா பாயில் படுத்துப் பார்ப்பவர் என்றால் இந்த டிவியில் கீழிருந்து படம் மங்கலாகத்தான் தெரியும். சும்மா கொடுத்தால் சரி. காசு கேட்டால் நான் பழைய எல்இடிதான் வாங்குவேன்.