மணலில் ஏறாத ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டர்

தொண்டிப் பக்கம் தென்னந்தோப்பு மணல் மேட்டுல, டிரெய்லரோட போறப்ப பெடலை முழுசா மிதிச்சும் வண்டி முனகிக்கிட்டு நின்னுடுதுன்னு கேட்டிருந்தீங்க. ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில பம்பு அழுத்துற ஆயிலோட விசைதான் சக்கரத்தைச் சுத்த வைக்குது. ஆனா அந்தப் பம்பைப் பிரிக்க அவசரப்படாதீங்கண்ணே. இந்தப் பெடல் ஆக்சிலேட்டர் இல்ல; மிதிக்க மிதிக்க வேகம் கூடும், இழுவை குறையும். ஏறுறதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்தி லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைஞ்சு இழுவை கூடுற கியர் நிலை) மாத்துங்க. கை ஆக்சிலேட்டரை நல்லா ஏத்திட்டு, முனகல் கேட்டதும் பெடலைப் பாதிக்குத் தளர்த்துங்க, ஊர்ந்தே ஏறிடும். முனக முனக மிதிச்சா ஆயில்தான் சூடாகும்.

டயர் மட்டும் சுத்திப் புதைஞ்சா அது டயர் மேல பாரம் பத்தாம பிடிமானம் போற பிரச்சினை, ஹைட்ராலிக் மேல பழி போடாதீங்க.

அப்பவும் இழுக்கலைன்னா டிரான்ஸ்மிஷன் ஆயில் மட்டத்தையும் ஃபில்டரையும் பாருங்க. ஆயில் பால் நிறமா இருந்தா தண்ணி இறங்கியிருக்கு. நம்ம கடற்கரைக் காத்துல உப்பும் மணலும் சேர்ந்து ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் இடுக்கை அடைச்சிடும். அதையும் ஊதி விடுங்க.