கூடைப்பந்து கேள்வி-பதில்: பெஞ்சிலிருந்து வந்த ஸ்வென் நேட்டர்

சென்ற இதழில் ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) பற்றிய ஒரு பதிலில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் முன்னாள் வீரர் ஸ்வென் நேட்டரின் பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தோம். யார் அவர் என்று கேட்டுத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். ஆகவே இந்த இதழில் முழுக்க அவர்தான்.

கே: நேட்டர் டச்சுக்காரரா, அமெரிக்கரா?

ப: பிறந்தது நெதர்லாந்தின் டென் ஹெல்டர் துறைமுக நகரில், 1950 ஜனவரி 14 அன்று. தாயும் மாற்றாந்தந்தையும் அமெரிக்காவுக்குப் போய்விட, நேட்டரும் சகோதரியும் அனாதை இல்லத்தில் இருந்தார்கள். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இருவரையும் வரவழைத்துக் குடும்பத்தோடு சேர்த்துவைத்தபோது அவருக்கு ஒன்பது வயது இருக்கும். பந்தைப் பிடிக்கக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகு, கலிபோர்னியாவில்.

டச்சு மண்ணிலேயே ஆடி, அங்கேயே பயிற்சியாளராக நிலைத்தவர் வேண்டுமென்றால் டோன் வான் ஹெல்ஃப்டரனைப் பாருங்கள். 2011 டச்சு லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு, லைடன் அணி குரோனிங்கன் அணியை ஒரே புள்ளியில் வென்றது. அந்த லைடன் அணியின் கோச் அவர்தான். 1989-க்குப் பிறகு நெதர்லாந்து முதன்முறையாக ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றதும் அவர் கையில்தான், 2015 போட்டிக்கு.

கே: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், ஆறடி உயரம். பள்ளி அணியில் எடுக்கவில்லை. இனிமேல் முடியுமா?

ப: நேட்டர் பள்ளி அணிக்காக ஆடியதே இல்லை. சைப்ரஸ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில்தான் முறையாகத் தொடங்கினார். அங்கிருந்து யூசிஎல்ஏ பல்கலைக்கழகம். அங்கே சென்டர் இடத்தில், அதாவது வளையத்தருகே ஆடும் உயரமான வீரரின் இடத்தில், இருந்தவர் பில் வால்டன், அந்தக் காலக் கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர். எனவே இரண்டு பருவத்திலும் நேட்டருக்கு மாற்று வீரராக பெஞ்ச்தான். 1972, 1973 இரண்டு ஆண்டும் யூசிஎல்ஏ ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தது. அதில் ஒன்றில்கூட முதல் ஐவரில் அவர் இறங்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் 1973 டிராஃப்ட்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), முதல் சுற்றில், 16-ஆவது ஆளாக, மில்வாக்கி அணி அவரை எடுத்தது.

எப்படி? தினமும் பயிற்சியில் வால்டனோடு முட்டிக்கொண்டதுதான் காரணம். ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது கடைசிச் சில நிமிடங்கள். பயிற்சியிலோ தினம் இரண்டு மணி நேரம், எதிரில் நாட்டிலேயே சிறந்த சென்டர். உங்கள் மகனுக்கும் அதுதான் வழி: அணிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை விடுங்கள். தன்னைவிடப் பலமான ஒருவனோடு வாரம் நான்கு நாள் மோத இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். உயரத்தை வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம். நேட்டர் 6 அடி 11 அங்குலம், அப்படியிருந்தும் பெஞ்ச்தான்!

கே: தொழில்முறையில் என்ன சாதித்தார்?

ப: உடனே மில்வாக்கிக்குப் போகவில்லை. முதலில் என்பிஏவுக்குப் போட்டியாக நடந்த ஏபிஏ லீக்கில், அதாவது சிவப்பு-வெள்ளை-நீலப் பந்தில் ஆடிய லீக்கில் சேர்ந்தார். வர்ஜீனியாவில் தொடங்கி, சான் அன்டோனியோவுக்கு மாறி, 1974-இல் சிறந்த புதுமுக வீரர் ஆனார். அடுத்த பருவம் ஆட்டத்துக்கு 16.4 ரீபவுண்ட், லீக்கில் முதலிடம். 1976-இல் ஏபிஏ மூடப்பட்ட பிறகு என்பிஏ. 1976 டிசம்பரில் மில்வாக்கிக்காக அட்லாண்டாவுக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் 30 புள்ளி, 33 ரீபவுண்ட். 1979-80-இல் சான் டியாகோ கிளிப்பர்ஸில் ஆட்டத்துக்கு 15 ரீபவுண்ட், மறுபடியும் முதலிடம். இரண்டு லீக்கிலும் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தவர் அவர் ஒருவரே. 1983-84-இல் லேக்கர்ஸ், பிறகு இத்தாலியின் உதினே. அத்தோடு ஓய்வு.

கே: ரீபவுண்ட் எடுக்க உயரமாகக் குதிக்க வேண்டும் என்கிறார் எங்கள் கோச். ‘முதலில் இடம், அப்புறம்தான் குதிப்பு’ என்று நீங்கள் எழுதினீர்கள். எது சரி?

ப: குதிப்பு தேவைதான். ஆனால் முதல் வேலை தரையில் நடக்கிறது. ஷாட் எதிராளி கையை விட்ட அந்த நொடியில் பாருங்கள்: பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கேதான் ரீபவுண்ட் கைநழுவுகிறது.

முதலில் உங்கள் ஆளைக் கண்ணால் தேடுங்கள். அவன் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறானோ, அந்தப் பக்கக் காலை அவன் பாதையில் குறுக்கே ஊன்றி, அதையே அச்சாக வைத்து அரைவட்டம் திரும்புங்கள். இப்போது உங்கள் முதுகு அவன் நெஞ்சில் இருக்கும். முழங்கால் மடங்கி, பாதங்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக. கைகள் மடங்கித் தோள் உயரத்தில், உள்ளங்கை வளையத்தைப் பார்த்தபடி. கையைத் தொங்கப்போட்டால் பந்து வரும்போது அதைத் தூக்குவதற்கே அரை நொடி போய்விடும். அவன் எந்தப் பக்கம் நழுவுகிறான் என்று இடுப்பு சொல்லும், அந்தப் பக்கம் சின்னச் சின்ன அடியாக நகருங்கள். பந்து வளையத்தில் பட்ட பிறகுதான் அவனை விட்டுப் பந்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் தவறும் என்றே நினைத்துப் போங்கள். யூசிஎல்ஏ கோச் ஜான் வுடன் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

பிடித்ததும் இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். பந்தை இடுப்புக்கு இறக்கினால் குட்டையான கார்டு (பந்தைத் தட்டி முன்னே கொண்டுசெல்லும் வீரன்) ஒருவன் தட்டிக்கொண்டு போய்விடுவான். தரை இறங்கியதும் பக்கக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பாஸ் கொடுங்கள், கூட்டத்துக்குள் திரும்ப வேண்டாம்.

தவறுகள் மூன்று இடத்தில் வருகின்றன. வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றால் பந்து தலைக்கு மேலே பறந்துவிடும். வளையம் 3.05 மீட்டர் உயரம், அதற்கு நேர் கீழே விழுவது பெரும்பாலும் உள்ளே போன பந்துதான். இரண்டாவது, பின்பக்கத்தால் எதிராளியைத் தள்ளுவது. இடத்தைப் பிடித்து நிற்கலாம், அவனை இடம்பெயர்த்தால் ஃபவுல். மூன்றாவது, கையைப் பின்னால் விட்டு அவனைக் கட்டிக்கொள்வது, அதுவும் ஃபவுல். இன்னொன்று: மூலையிலிருந்து போட்ட ஷாட் தவறினால் எதிர்ப்பக்கமே அதிகம் விழும். தூரத்து ஷாட் தூரமாகவே தெறிக்கும். மூன்று புள்ளி ஷாட்டுக்கு இரண்டடி வெளியே தள்ளி நில்லுங்கள்.

கே: பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சியில் பாராட்டு எவ்வளவு, திட்டு எவ்வளவு இருக்க வேண்டும்?

ப: இதற்கு எண்களோடே பதில் இருக்கிறது. கலிமோர், தார்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1974-75 பருவத்தில் வுடனின் 15 பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு 6.9 சதவீதம், கண்டிப்பு 6.6 சதவீதம். ஏறத்தாழ பாதி, ‘இப்படிச் செய், இதற்காக’ என்ற நேரடி அறிவுறுத்தல். நேட்டர் பின்னாளில் அதே கலிமோரோடு சேர்ந்து வுடனின் கற்பித்தல் முறை பற்றி ஒரு நூல் எழுதினார்.

நீங்கள் நாளையே செய்து பார்க்கக்கூடியது இது: பையன் தப்பாகச் செய்தால் நிறுத்துங்கள். சரியானதைச் செய்துகாட்டுங்கள், அவன் செய்த தப்பை அப்படியே செய்துகாட்டுங்கள், மறுபடி சரியானதை. சில விநாடி போதும், விசில் ஊதி ஆட்டத்தைத் தொடருங்கள். நடுவில் தப்பைக் காட்டாவிட்டால், தான் எதை மாற்ற வேண்டும் என்று பையனுக்குப் புரியாது. தப்பிலேயே முடித்தால் அதுதான் மனதில் நிற்கும்.

வுடன் பயிற்சித் திட்டத்தை நிமிட வாரியாகச் சின்ன அட்டையில் எழுதிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். புதியதைத் தொடக்கத்தில், களைப்பு வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுப்பார். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதில்லை. உடல் தாங்குதிறனுக்கான பயிற்சியும் பந்தோடுதான். முதல் நாள் பாடம் காலுறை போடுவது: சுருக்கமில்லாமல் இழுத்து, குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சிரிப்பு வரலாம். கொப்புளம் வந்த பையன் இரண்டு நாள் நொண்டுவான், அந்த இரண்டு நாள் பயிற்சி போச்சு.

கே: நேட்டர் எங்கே பயிற்சியாளராக இருந்தார்?

ப: கிறிஸ்டியன் ஹெரிடேஜ் என்ற சிறிய கல்லூரியில், சான் டியாகோ பக்கம். விளையாட்டுத் துறையையே அங்கே அவர்தான் கட்டியெழுப்பினார். என்பிஏவில் கோச்சாகப் போகவில்லை. பிறகு காஸ்ட்கோ நிறுவனத்தில் விளையாட்டுப் பொருள் கொள்முதல் வேலை. இடையிடையே வுடனுக்குக் கவிதை எழுதி அனுப்புவார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கு மேல்.