சிபாப் மெஷின் போட்டால் உடம்பு இளைக்குமா?

தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு (ஸ்லீப் ஆப்னியா), மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் இது. உடம்பு இளைக்காது. சிலருக்கு ஒரு அரைக் கிலோ ஏறவும் செய்யும். மெஷினை வாங்கும்போதே இதை யாராவது சொல்லிவிட்டால் தேவலை.

நானும் குண்டு, குறட்டை கோஷ்டிதான். தூங்கும்போது மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் 'தீவிரம்' என்று எழுதுவார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். மாஸ்க் போடத் தொடங்கியதும் காலைத் தலைவலி போனது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து ஓடுவது குறைந்தது, மதியம் ஆபீசில் தூங்கி வழிவதும் இல்லை. பேண்ட் மட்டும் லூசாகவில்லை.

காரணம் இதுதான். மூச்சு அடைபடும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி உலுக்கும், அட்ரினலின் பாயும், இதயம் படபடக்கும். பேருக்குத்தான் தூக்கம், உள்ளே விடிய விடிய மல்யுத்தம். அதற்கும் கலோரி செலவாகிறது. மெஷின் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைத்ததும் அந்தச் செலவு மிச்சம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத சிபாப் சிகிச்சைக்குப் பின் உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி குறைந்திருந்தது. ஆனால் எடை ஏறியதும் ஏறாததும் பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்தே இருந்தது. என் வீட்டில் இரண்டு தோசை முடிந்து மூன்றாவது தட்டில் விழும் நேரத்தில் கையை மறிப்பதுதான் பாதி வைத்தியம்.

சர்க்கரை, கொழுப்பு கதையும் இதேதான். அமெரிக்காவில் 2014இல் வந்த 24 வார ஆய்வில், சிபாப் மட்டும் போட்ட பருமனானவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்போ (இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாத நிலை) ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்போ குறையவில்லை. எடையைக் குறைத்தவர்களுக்குக் குறைந்தது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு பிபி இன்னும் நன்றாக இறங்கியது.

அதற்காக மெஷினைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். ராத்திரி மூச்சுக்கு அது, எடைக்கு வேறு வழி. எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு, பருமனோடு மிதமான அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கென்றே, அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் அல்ல.

அப்புறம், எடை நன்றாகக் குறைந்தால் ஸ்லீப் ஸ்டடியைத் திரும்ப எடுங்கள். காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சிலருக்கு மெஷினே தேவைப்படாமலும் போகும். அதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.